தறிகள் நின்ற நாட்களின் வெயில்

ஆனி பதினெட்டு, புதன்கிழமை, காலை பத்து நாற்பது. சிவகிரியைத் தாண்டிச் சிறிது தூரத்தில், சங்கரன்கோவில் போகும் எங்கள் பேருந்தின் பின்சக்கரம் வெடித்தது. ஓட்டுநர் இறங்கி அதை ஓர் உதை உதைத்துவிட்டு, "எல்லாரும் இறங்குங்க. அர மணி நேரம் ஆவும்" என்றார். யாரும் கோபப்படவில்லை. இதை எதிர்பார்த்துத்தான் ஏறினோம் என்பது போல எல்லோரும் ஒரு புளியமரத்தின் நிழலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான் மட்டும் வெயிலிலேயே நின்றுவிட்டேன்.

காரணம், மேற்கே தெரிந்த மலை. அதன் தலைக்கு மேல் கறுத்த மேகம் சுவர் போல எழும்பி நின்றது. எங்கள் தைப்பிங்கில் இப்படி ஒரு மேகம் நின்றால் பத்து நிமிடத்தில் தெருவில் தண்ணீர் ஓடும். இங்கே வானத்தில் பாதி மழைக்காலமாகவும் பாதி கோடையாகவும் இருந்தது. காற்று மட்டும் சேலைத் தலைப்பைப் பிய்த்துக்கொண்டு போகிற வேகத்தில் அடித்தது. தூரத்தில் காற்றாலைகள் சுழன்றன. ஒரு சொட்டு விழவில்லை.

கீரைக்கட்டோடு நின்ற ஓர் அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அந்த மேகத்த நம்பாத தாயி. அது கேரளாக்காரனுக்கு. நமக்குக் காத்து மட்டும்தான்."

நான் தைப்பிங்கில் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மலேசியத் தீபகற்பத்தில் அதிகம் மழை பெய்கிற ஊர் எங்களுடையது. தினமும் காலையில் மழையை அளந்து எழுதி வைப்பது என் பழக்கம். இதே பழக்கமுள்ள தமிழர்கள் சிலர் கைப்பேசியில் ஒரு குழுவாக இருக்கிறோம். அதில் ஒன்பது ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் தன் ஊர் வெப்பத்தைப் போட்டு வருகிறவர் சங்கரன்கோவில் ஞானதுரை. மருந்துக்கடைக்காரர். அவர் ஊர் வாசகர் வட்டம் ஒரு பட்டிமன்றம் வைத்திருந்தது: "பூமி சூடாவது மனிதனாலா? இயற்கையாலா?" நடுவராக என்னை அழைத்தார்கள். வெளிநாட்டுக்காரி என்றால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு.

இன்னொரு காரணமும் இருந்தது. ஞானதுரை முப்பத்தொரு ஆண்டுகளாக எழுதிய வெப்பக் குறிப்பு நோட்டுகளை, ஆண்டுக்கு ஒன்றாக முப்பத்தொரு நோட்டுகளை, பட்டிமன்றம் முடிந்த மறுநாள் ஊர் நூலகத்துக்குக் கொடுக்கப் போகிறார். கண்ணாடி அலமாரி தயார். அதற்கு முன் அவற்றைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன்.

ஞானதுரைக்கு முன்னால் கடை, பின்னால் வீடு. அவர் மனைவி எஸ்தர் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்தார். தோலோடு உளுந்து போட்டு வேக வைத்த அந்தச் சோற்றைச் சாப்பிட்ட பிறகு எங்கள் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைப் பற்றிப் பெருமை பேசுவதை நான் நிறுத்திக்கொண்டேன். சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவள் திடுக்கிட்டு எழுந்தேன். தகரக் கூரையில் பெருமழை! சன்னலுக்கு ஓடினேன். வெளியே பளீரென்று வெயில்.

"மழை இல்லக்கா" என்றார் எஸ்தர். "பக்கத்துல தறி ஓடுது. எல்லா விருந்தாளியும் மொத நாள் இப்படித்தான் சன்னலுக்கு ஓடுவாங்க."

சாயங்காலம் நோட்டுகளைப் பார்த்தேன். கையில் எடுத்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, பிற்பகல் இரண்டு மணி வெப்பம், மழை, குறிப்பு. குறிப்பில் ஒரு குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது. "எஸ்தருக்குக் காய்ச்சல்." "மகள் பாஸ்." "அப்பா அடக்கம். அளவு மாலை மூன்றுக்கு எடுத்தேன்." தகப்பனைப் புதைத்துவிட்டு வந்து வெப்பமானியைப் பார்த்த மனிதர்! நானும் முப்பது ஆண்டு எழுதுகிறவள்தான். என் அம்மா இறந்த வாரம் என் நோட்டில் வெற்றுத்தாள்.

"எப்படி ஆரம்பித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"மருந்துக்கடை ஃப்ரிட்ஜுக்குச் சூடு எழுதி வைக்கணும்லா டீச்சர். தடுப்பூசி, இன்சுலின் எல்லாம் இருக்கு. உள்ளயே எழுதுதோமே, வெளிய என்னன்னு பாப்போம்னு ஒரு வெப்பமானி வாங்கி மாட்டினேன். அவ்வளவுதான்."

வியாழக்கிழமை காலையில் தேநீர்க் கடைக்குப் போனோம். பட்டிமன்றத்துக்கு மூன்று நாள் இருந்தது. அங்கே அது ஏற்கெனவே தொடங்கியிருந்தது. சுவரொட்டியைப் பார்த்தபடி ஒருவர் கேட்டார்: "மனுசன் புகை விட்டா வானம் சூடாவுமா வே? எங்க வீட்டு அடுப்புப் புகை எங்க கூரையத் தாண்டல."

"உம்ம வீட்ல அடுப்பு எரிஞ்சாத்தானே!" என்றார் இன்னொருவர். பெஞ்சு முழுவதும் சிரித்தது.

"காத்தாடி போட்டு போட்டுத்தான் மேகத்த விரட்டிட்டானுங்க" என்றார் மூன்றாமவர்.

"அப்போ மனுசனாலன்னு ஒத்துக்கிடுதீரு?"

அவர் வடையைப் பிட்டார். எங்கள் ஊர்த் தே தாரிக் தேநீர்க் கடையில் கால்பந்தைப் பற்றிப் பேசுகிற ஆவேசத்தோடு இங்கே பூமியைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் காட்சியே எனக்கு ஓர் அதிசயமாக இருந்தது.

அங்கேதான் சங்கரலிங்கத்தைச் சந்தித்தேன். இருபது விசைத்தறி போட்டிருக்கிறவர். ஞானதுரைக்கு அடுத்த வீட்டுக்காரர். பட்டிமன்றத்தில் "இயற்கையே" அணிக்குத் தலைவர்; "மனிதனே" அணிக்கு ஞானதுரை. என் கையைப் பற்றிக் குலுக்கி, "டீச்சர், அண்ணாச்சி வீட்ல சாப்பிட்டதுக்காவ அவரு பக்கம் தீர்ப்பு சொல்லிராதீங்க. மத்தியானம் என் வீட்ல பிரியாணி" என்றார். போனேன். சீரகச் சம்பாவில் செய்த ஆட்டுக்கறிப் பிரியாணி. நடுநிலை தவறிவிடுவேனோ என்று பயப்படும் அளவுக்கு நன்றாக இருந்தது.

ஒன்று ஐம்பத்தைந்துக்குத் திரும்பி வந்தேன். இரண்டு மணி அளவை நேரில் பார்க்க வேண்டும். ஞானதுரை கையில் நோட்டோடு வீட்டின் பின்பக்கம் அழைத்துப் போனார். வடக்குச் சுவரில், வெயில் படாத இடத்தில், கண் உயரத்தில் வெப்பமானி தொங்கியது. சரியான திசை, சரியான உயரம். கிட்டே போனேன். என் இடது காதில் யாரோ சூடாக மூச்சு விட்டது போல இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். மூன்றடி தள்ளி, சங்கரலிங்கத்தின் தறிக்கொட்டகைச் சுவர். அதில் வட்டமாக ஒரு துளை. அதற்குள் சுழலும் விசிறி, இருபது தறிகளின் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

ஞானதுரை கண்ணாடியைத் தூக்கிவிட்டு அளவைப் படித்தார், எழுதினார், அடியில் கோடு போட்டார். விசிறியை அவருக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி. நேற்று அவர் நோட்டைத் தொட்டுச் சிலிர்த்தவள். அன்று மாலை, அனுமதி கேட்டு, நோட்டுகளை மறுபடி புரட்டினேன். பதினோராவது நோட்டில், தை மாதத்தில் ஒரு குறிப்பு: "பக்கத்தில் கொட்டகை போடுகிறார்கள். ஒரே தூசி." அந்தப் பக்கத்துக்குப் பிறகு எண்கள் ஏறியிருந்தன. வெப்பமானி எங்கே தொங்குகிறது என்று எந்த நோட்டிலும் ஒரு வரி இல்லை. தன் வீட்டுச் சுவர் தனக்குத் தெரியாதா என்று விட்டிருக்கிறார். என் நோட்டிலும் அந்த வரி இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனேன். இந்த ஊருக்குக் கோயில் வந்த கதையே ஒரு வாக்குவாதம்தான். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று அவர்களுக்குள் சண்டை. அம்மன் தவம் இருந்து கேட்க, ஓர் உடம்பில் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் தோன்றி அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தாராம் கடவுள். சங்கரநாராயணர் முன் நின்றபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் சடை, ஒரு பக்கம் கிரீடம். இரண்டு பேரையும் தோற்கடிக்காத ஒரு தீர்ப்பைக் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள்.

பிராகாரத்தில் வாசகர் வட்டச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்கள்லா டீச்சர்? அதே மாதிரி முடிச்சிருங்க. பாதி மனுசன், பாதி இயற்கை. ரெண்டு அணிக்கும் கைதட்டு. ஞாயித்துக்கிழம எல்லாரும் சந்தோசமா வீட்டுக்குப் போயிருவாங்க."

நான் சிரித்து வைத்தேன். ஆனால் என் மனம் அந்த விசிறித் துளையிலேயே இருந்தது. ஞாயிறன்று ஞானதுரை அந்த நோட்டுகளைத் தூக்கிப் பிடித்துப் பேசப் போகிறார். திங்களன்று அவை கண்ணாடிக்குள் போய்விடும். பிறகு யாராவது ஒரு மாணவர் அவற்றை உண்மை என்று எடுத்து எழுதுவார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது.

அவருக்குப் பரிசாக ஒரு நல்ல வெப்பமானியும், அதை வைக்கக் காற்றுப் புகும் வெள்ளை மரப்பெட்டியும் கொண்டு வந்திருந்தேன். வீட்டுக்குத் திரும்பியதும் அதை எடுத்து வைத்துச் சொன்னேன்: "அண்ணாச்சி, இதை உங்கள் சர்ச் வளாகத்தில் நிற்கும் புங்க மரத்துக்குப் பக்கத்தில், திறந்த இடத்தில் வைத்துப் பார்ப்போமா? இரண்டு மணிக்கு நான் அங்கே படிக்கிறேன், நீங்கள் இங்கே படியுங்கள்."

அவர் உடனே புரிந்துகொண்டார். முப்பத்தொரு ஆண்டு அளந்தவருக்கு இது போதாதா? "டீச்சர், என்னமோ சொல்ல வாரீங்க. நேரா சொல்லுங்க."

விசிறியைச் சொன்னேன். அவர் எழுந்து பின்பக்கம் போனார். வெப்பமானிக்கு முன் தன் உள்ளங்கையை நீட்டிப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். இரண்டு மணிக்கு இரண்டு இடத்திலும் படித்தோம். சுவரில் இரண்டு டிகிரி கூடுதல்.

"இந்தக் காத்து என் மேல பட்டுக்கிட்டேதான் இருந்துச்சு" என்றார். "தெனமும் பட்டுச்சு. வெயில் காத்துன்னு நெனச்சேன்." அதன் பிறகு கடைக்குப் போய் உட்கார்ந்தார். வாடிக்கையாளர்களிடம் மாத்திரையைச் சைகையில் விளக்கினார். சாயங்காலம் எஸ்தர் என்னிடம் வந்து மெல்லிய குரலில் சொன்னார்: "பட்டிமன்றத்துக்கு வரமாட்டேங்காருக்கா. நோட்டையும் குடுக்கமாட்டாராம். பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுருங்காரு."

என் வாழ்நாளில் நான் செய்தது சரியா தவறா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த மாலைகளில் அதுவும் ஒன்று.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மழை நின்றது. தறியின் மழையைத்தான் சொல்கிறேன். ஊர் முழுவதும் ஒரே நொடியில் அடங்கியது. காக்கைச் சத்தம் கேட்டது, யாரோ தெருவில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கும் சத்தம் கேட்டது. மாதம் ஒரு முறை மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்துமாம். எஸ்தர் கடைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: "என்னங்க, கரண்ட் போச்சு! இன்சுலின எடுத்து ஐஸ் பெட்டிக்குள்ள வைங்க."

ஞானதுரை எழுந்து அந்த வேலையைச் செய்தார். பிறகு பழக்கத்தில் நோட்டை எடுத்தார். எடுத்தவர் மூடப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, திறந்து எழுதினார்: "மின்தடை. இன்சுலின் ஐஸ் பெட்டியில்."

இரண்டு மணிக்கு அவரை வற்புறுத்திச் சுவருக்கு அனுப்பினேன். நான் சர்ச் வளாகத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்றார். நான் என் எண்ணைச் சொன்னேன். அவர் தன் எண்ணைக் காட்டினார். இரண்டும் ஒன்று. அரை டிகிரி கூட வித்தியாசம் இல்லை.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் முகம் மாறியதை நான் எப்படி எழுதுவது? "டீச்சர், தறி நின்னா என் வெப்பமானி சரி" என்றார். பிறகு, மூச்சை இழுத்துக்கொண்டு, "தறி என்னைக்கெல்லாம் நின்னுச்சுன்னு எங்கிட்ட இருக்கே!" என்றார்.

இருந்தது. ஒவ்வொரு மாதமும். இன்சுலின் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலையில், முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரு முழுநாள் மின்தடையைக்கூட அவர் விட்டதில்லை. தவறும் அந்த நோட்டில் இருந்தது, தவறைத் திருத்தும் வழியும் அதே நோட்டில் இருந்தது. எழுதியவருக்கே தெரியாமல்! பனி மூடிய சிகரம், பெரிய அருவி என்று நான் பயணங்களில் பார்த்து வாய் பிளந்தவை உண்டு. அந்தச் சனிக்கிழமை மதியம் நான் பார்த்ததற்கு அவை இணையில்லை.

மூவரும் தரையில் உட்கார்ந்தோம். எஸ்தர் மின்தடை நாட்களைத் தேடிப் படிக்க, ஞானதுரை அன்றைய வெப்பத்தைச் சொல்ல, நான் எழுதினேன். "நியாயமாக இருக்க வேண்டுமானால் கொட்டகை வருவதற்கு முந்தைய பத்து நோட்டிலும் மின்தடை நாட்களைத்தான் எடுக்க வேண்டும்" என்றேன். ஒத்துக்கொண்டார். தினமும் பல மணி நேரம் மின்சாரம் போன ஆண்டுகள் சில இருந்தன. அவற்றில் பகல் முழுவதும் மின்சாரம் இல்லாத நாட்களை மட்டும் எடுத்தோம். சித்திரையைச் சித்திரையோடும் ஐப்பசியை ஐப்பசியோடும் ஒப்பிட்டோம். எஸ்தர் நடுவில் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். "கல்யாணமாகி இத்தன வருசத்துல இந்த நோட்ட இன்னைக்குத்தான் படிக்கேன். எனக்குக் காய்ச்சல் வந்ததெல்லாம் எழுதியிருக்காரு. ஒரு நாளாவது கேட்டிருப்பாரா?" என்றார். ஞானதுரை தலையைக் குனிந்துகொண்டு அடுத்த எண்ணைச் சொன்னார்.

ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது. தறிகள் இரைந்தன. எங்கள் பட்டியலும் முடிந்தது. நோட்டுகள் காட்டிய வெப்ப ஏற்றத்தில் பாதிக்கும் மேல் கரைந்து போயிருந்தது. அது சங்கரலிங்கத்தின் தறி கொடுத்தது. மிச்சம் ஒரு சிறு ஏற்றம் அசையாமல் நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் எஸ்தர்.

"இவ்வளவு இருக்கே" என்றார் ஞானதுரை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி. கல்யாண மண்டபம் நிறைந்து, வெளியேயும் நாற்காலி போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் சீனப்புத்தாண்டு சிங்க நடனத்துக்குத்தான் இவ்வளவு கூட்டம் வரும். மேசையில் எனக்கு ஒரு மணி வைத்திருந்தார்கள், நேரம் தாண்டிப் பேசுகிறவர்களை அடக்க.

சங்கரலிங்கம் பிய்த்து உதறினார். "நடுவர் அவர்களே! வெயிலுக்கு ரேசன் கார்டு இருந்தா மொதப் பேரு நம்ம ஊருதான். வெயில் என்ன நேத்தா வந்துச்சு? பூமி எத்தன தடவ பனியா ஒறஞ்சுது, எத்தன தடவ உருகுச்சு! அப்போ எவன் கார் ஓட்டினான்? எவன் தறி போட்டான்? சூரியன் கூடுதான், கொறையுதான். மனுசனால ஒரு கொசுவ ஒழிக்க முடியல. அவன் பூமியச் சூடாக்கிட்டானாம்! எவ்வளவு ஆணவம்யா!" மண்டபம் அதிர்ந்தது. நானும் மணியை அடிக்க மறந்து சிரித்தேன்.

கடைசியாக ஞானதுரை எழுந்தார். முப்பத்தொரு நோட்டுகளும் மேசையில் அடுக்கப்பட்டிருந்தன. ஒலிவாங்கியை வாய்க்கு அருகில் இழுத்துக்கொண்டார்.

"இந்த நோட்டுகள நாளைக்கு லைப்ரரிக்குக் குடுக்கேன்னு எல்லாருக்கும் தெரியும். இதுல இருவது வருசம் தப்பு இருக்கு."

சங்கரலிங்கம் எழுந்துவிட்டார். "அண்ணாச்சி, என்ன சொல்லுதீங்க? அப்போ நாங்க ஜெயிச்சாச்சா?"

"உக்காரும்வே. என் வெப்பமானி தறிக்கொட்டகை விசிறிக்கு முன்னால தொங்கியிருக்கு. நான் கவனிக்கல. நான் எழுதின ஏத்தத்துல பாதிக்கு மேல கொட்டகைச் சூடு."

"யாரு கொட்டகை?"

"உம்ம கொட்டகைதான்."

"அப்போ அண்ணாச்சி நோட்டச் சூடாக்கினது நானா?"

"ஆமாவே. மனுசன்தானே நீரு?"

சிரிப்பு அடங்க நான் மூன்று முறை மணி அடிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு ஞானதுரை சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. இன்சுலினைச் சொன்னார், மின்தடை நாட்களைச் சொன்னார், தான் வெள்ளிக்கிழமை இந்த நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட நினைத்ததைச் சொன்னார். "தறி நின்ன நாள மட்டும் எடுத்துப் பாத்தோம். கொஞ்சந்தான் மிச்சம். ஆனா அந்தக் கொஞ்சம் தறியால வந்தது இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." உட்கார்ந்தார். அவருடைய அணிக்கு இன்னும் நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. பட்டிமன்ற மேடையில் நேரத்தை மிச்சம் வைத்த பேச்சாளரை நான் அன்றுதான் பார்த்தேன்.

தீர்ப்பு சொல்ல எழுந்தேன். முன்வரிசையில் செயலாளர் இரண்டு கைகளையும் தராசு போலச் சமமாகப் பிடித்துக் காட்டினார்.

நான் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன். "வெள்ளிக்கிழமை உங்கள் கோயிலில் பாதிப் பாதியாக நிற்கும் சாமியைக் கும்பிட்டேன். பக்திக்கு அது மிகப் பெரிய தீர்ப்பு. ஆனால் ஒருவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று கேட்டால், பாதி இருக்கிறது என்று எந்த மருந்துக்கடைக்காரரும் சொல்லமாட்டார். சங்கரலிங்கம் சொன்னது போல முன்பும் பூமி சூடானது உண்மை. மின்னல் விழுந்து காடு எரிந்ததும் உண்மை. அதனால் தீக்குச்சி கிழித்துக் காட்டை எரித்தவன் எவனும் இல்லை என்றாகிவிடாது. சூரியனால் என்றார். சூரியன் அதிகம் காய்ந்தால் வானத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். அளந்து பார்த்தவர்கள் சொல்வது, கீழே சூடேறுகிறது, மேலே உயரத்தில் குளிர்கிறது. போர்வைக்குள் வேக்காடும் போர்வைக்கு வெளியே குளிரும் என்றால், போர்த்தியது யார் என்றுதான் கேட்க வேண்டும். நாம் எரித்த நிலக்கரியின், எண்ணெயின் புகைதான் அந்தப் போர்வை.

"இந்த முப்பத்தொரு நோட்டு மட்டும் இருந்தால் நான் இதைச் சொல்லமாட்டேன். ஒரு சுவரை வைத்து உலகத்தைச் சொல்ல முடியாது. ஆனால் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பேர் இப்படியே எழுதியிருக்கிறார்கள். கட்டடம் வந்த இடம், விசிறி வந்த இடம் எல்லாவற்றையும் தேடித் தேடிக் கழித்திருக்கிறார்கள். கழித்த பிறகும் மிச்சம் நிற்கிறது. அப்படிக் கழிப்பது ஒரு மனிதருக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை நான் இரண்டு நாளாகக் கூடவே இருந்து பார்த்தேன். மனிதனால்தான். பாதி இல்லை."

கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. செயலாளர் நன்றியுரையைச் சுருக்கிக்கொண்டார்.

மண்டப வாசலில் சங்கரலிங்கம் காத்திருந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன். "டீச்சர், நீங்க சொன்னத நான் இன்னும் முழுசா ஒத்துக்கல. யோசிக்கணும். அத விடுங்க. சுவத்துக்கு வெளிய மூணடி தள்ளியே ரெண்டு டிகிரி கூடன்னா…" வண்டிச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "உள்ள தறி ஓட்டுத எட்டுப் பேரு நிக்காங்க டீச்சர், தெனமும். காலையிலருந்து."

"அளந்து பார்க்கலாம்" என்றேன்.

"அளந்தா என்ன வரும்னு தெரியும்லா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்காமல் நடந்தே போனார்.

திங்கள்கிழமை, ஆனி இருபத்துமூன்று. மாலை எனக்கு ரயில். காலை பதினொரு மணிக்கு நூலகர் ஒரு தள்ளுவண்டியோடு வந்து கடை வாசலில் உட்கார்ந்தார். ஞானதுரை இன்னும் எழுதி முடிக்கவில்லை. கொட்டகை வந்ததற்குப் பிந்தைய ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும், அச்சடித்துத் தருகிறேன் என்று மகள் தொலைபேசியில் சொல்லியும் கேட்காமல், தன் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தார்: "இந்த ஆண்டு வெப்பமானி தறிக்கொட்டகை விசிறிக்கு மூன்றடியில் இருந்தது. மின்தடை நாட்களின் அளவை மட்டும் எடுத்துக்கொள்ளவும். – ஞானதுரை."

நூலகர் பொறுமை இழந்தார். "அண்ணாச்சி, நோட்டத் தொறந்ததும் தப்புன்னு எழுதியிருந்தா எவன் படிப்பான்?"

"படிக்கிறவன் படிப்பான்" என்றார் ஞானதுரை. நிமிரவில்லை.

ஒன்றரை மணிக்கு வண்டி போனது. எஸ்தர் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் பரிமாறினார். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஞானதுரை புதிதாக ஒரு நோட்டு எடுத்தார். ஆண்டு நடுவில் அவர் புது நோட்டுத் தொடங்குவது இதுவே முதல் முறையாம். அளவுகோலை வைத்துக் கோடு கிழித்தார். தேதி. வெப்பம். மழை. குறிப்பு. பிறகு ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி, இன்னொரு கோடு கிழித்து, அதன் தலையில் "எங்கே" என்று எழுதினார். மணியைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு சர்ச்சை நோக்கி நடந்தார்.